முள் பொய் சொல்கிறதா, என்ஜின் கொதிக்கிறதா?

பழைய கார் வைத்திருப்பவர்களை அதிகம் கலங்க வைப்பது எது? பெரிய பாகம் எதுவும் இல்லை. டேஷ்போர்டில் இருக்கும் சின்னஞ்சிறு வெப்ப முள்தான்!

1959 முதல் 2000 வரை தயாரிக்கப்பட்ட மினி காரையே எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் இந்தக் காரை ஆசையோடு பராமரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காராக் நெடுஞ்சாலையின் ஏற்றத்தில் முள் சூட்டு எல்லையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிலர் உடனே ரேடியேட்டர், தண்ணீர் பம்பு என்று ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குவார்கள். வேறு சிலர், "பழைய கார், முள் அப்படித்தான் காட்டும்" என்று ஓட்டிக்கொண்டே போவார்கள். முதலாவது பணத்தைக் கரைக்கும். இரண்டாவது ஹெட் காஸ்கெட்டைக் கருக்கி, நடுவழியில் நிறுத்திவிடும்.

ஆகவே, முதல் வேலை உண்மையான வெப்பத்தை அளப்பதுதான்.

வேறொரு சாட்சி வேண்டும்

கடைகளில் கிடைக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் மூடியின் மீது காட்டிப் பாருங்கள். பளபளக்கும் உலோகம் தவறான அளவைக் கொடுக்கும். அதனால் என்ஜின் ஆறியிருக்கும்போதே அங்கே ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். மினிக்கு 74, 82, 88 டிகிரி செல்சியஸ் தெர்மோஸ்டாட்டுகள் உண்டு. உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடு, வெளியே காட்டும் அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அளவு 80, 85 என்று நிலையாக நிற்க, முள் மட்டும் உச்சியில் இருந்தால் குற்றவாளி முள்தான். அளவு 100ஐ நெருங்கி இன்னும் ஏறிக்கொண்டே போனால், முள் உண்மை பேசுகிறது. என்ஜினை நிறுத்திவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறுகிறதா?

முள்தான் தவறு என்று தெரிந்தால், பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் முள்ளைக் கவனியுங்கள். 1960களின் நடுப்பகுதியிலிருந்து வந்த பல மினி கார்களில், இந்த இரண்டு முட்களுக்கும் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான் மின்சாரம் தருகிறது. பேட்டரியின் 12 வோல்ட் ஏறி இறங்கினாலும், முட்களுக்குச் சராசரியாக 10 வோல்ட் மட்டும் போகும்படி பார்த்துக்கொள்வது இதன் வேலை. உள்ளே ஓர் உலோகத் தகடு சூடேறி வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் இணைக்கும்.

இதன் எர்த் இணைப்பு துருப்பிடித்தால் துண்டிப்பு நடக்காது. 12 வோல்ட் முழுவதும் போய், இரண்டு முட்களும் அளவுக்கு மீறிக் காட்டும். டாங்கியில் பாதி பெட்ரோல் இருக்க முக்கால் காட்டுகிறது, வெப்ப முள்ளும் ஏறுகிறது என்றால், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சிறு பெட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் எர்த் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே போதும். மீட்டர் வைத்துச் சோதிக்கும்போது எண் மேலும் கீழும் குதித்தால் பயப்பட வேண்டாம், அது இயல்புதான். 12இல் அசையாமல் நின்றால்தான் கோளாறு.

வெப்ப முள் மட்டும் தவறாகக் காட்டினால்?

சந்தேகம் சென்சர் பக்கம் திரும்புகிறது. ஹெட்டில், தெர்மோஸ்டாட் மூடிக்கு அருகில் இருக்கும் இது, சூடு ஏற ஏறத் தன் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும். என்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி வைத்து, சென்சர் ஒயரைக் கழற்றுங்கள். முள் மெல்லக் குளிர் பக்கம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால், ஒயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது, அல்லது முள்ளே பழுது. அடுத்து, ஒயர் நுனியை என்ஜின் உலோகத்தில் தொடுங்கள். முள் ஏறத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். நீண்ட நேரம் வைத்தால் முள்ளின் உட்பகுதி கருகிவிடும். இரண்டு சோதனையிலும் முள் சரியாக நகர்ந்தால், ஒயரும் முள்ளும் நலம், சென்சரை மாற்றலாம். ஆனால் வேறு மாடல் காரின் சென்சரைப் போட்டால், மரையில் பொருந்தினாலும் கணக்கில் பொருந்தாது. மரையில் டேப்பைத் தாராளமாகச் சுற்றினாலும் எர்த் கெடலாம்.

இறங்கும் முள்ளும் ஆபத்தே

ஏறிய முள் திடீரெனச் சரிந்தால் பலர் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். அங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. தண்ணீர் குறைந்து, சென்சர் வெறும் காற்றில் நின்றால் சூட்டைச் சரியாக உணர முடியாது. என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் "எல்லாம் நலம்" என்று காட்டும். எனவே காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது தண்ணீர் அளவைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முள் தொல்லைக்குத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தீர்வல்ல. என்ஜின் தேவையான சூட்டை எட்டாமலே ஓடி, பெட்ரோலை அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

முள்ளை நம்புவதா வேண்டாமா என்பதை அளந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டறைக்குப் போகும் முன் செய்யும் இந்தச் சோதனைகளுக்கு அரை மணி நேரம் போதும். தேவையில்லாத பாகத்துக்குப் பணம் கொடுப்பதையும், ஏற்றத்தில் புகையோடு நிற்பதையும் இதனால் தவிர்க்கலாம்.