கோப்பில் உள்ளவர்கள் – 11: வெள்ளைப் பகுதி

1953 செப்டம்பர் 3ஆம் தேதி மலாக்காவின் கடலோரத்தில் 221 சதுர மைல் நிலம் ‘வெள்ளைப் பகுதி’ என்று அறிவிக்கப்பட்டது. அவசரகாலக் கட்டுப்பாடுகளிலிருந்து மலாயாவிலேயே முதன்முதலாக விலக்குப் பெற்ற நிலம் அதுதான். 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்த கதையும், தொழிற்சங்கத் தலைவர்கள் கணபதி, வீரசேனன் முடிவும் முந்தைய வாரங்களில் வந்தாயிற்று. திரும்பச் சொல்ல இங்கே இடமில்லை. இந்த வாரத்துக்கு அறிவித்திருந்தது புக்கிட் ஆசகான் தோட்டத்தின் கதை. நடுவில் இந்த வெள்ளைப் பகுதி புகுந்துகொண்டது.

வெள்ளையின் அருமை தெரிய வேண்டுமானால், கட்டுப்பாடுகள் நீங்காத கறுப்பு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். காட்டில் இருந்த கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்கு அரிசி போகாமல் தடுப்பது 1951 முதல் அரசின் முக்கிய வேலையாகிவிட்டது. ரப்பர் தோட்டங்களில் சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்கள் ஒரே இடத்துக்கு இழுக்கப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. பால்மரம் வெட்டப் போகிறவர் மத்தியானச் சோற்றைக் கையோடு எடுத்துப்போகக் கூடாது. வேலி வாசலில் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். சைக்கிள் குழாய்க்குள் அரிசி இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். பெண்களுக்கும் உடல் சோதனை உண்டு.

கடைக்காரருக்கு வேறொரு விதி. டின்னில் அடைத்த உணவை விற்றால், வாங்குகிறவர் கண்முன்னே அதைத் துளையிட்டுத்தான் கொடுக்க வேண்டும். துளைத்த டின்னில் உள்ளதை அன்றே சாப்பிட்டாக வேண்டும். பதுக்கிவைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாது. கெடுபிடி அதிகமான இடங்களில் அரிசியை வீட்டுக்கே கொடுக்கவில்லை. பொதுச் சமையற்கூடத்தில் வேகவைத்துச் சோறாக அளந்து போட்டார்கள். வெந்த சோறு அந்த வெக்கையில் ஒரு நாள் தாங்காது என்பதுதான் கணக்கு. இதை யோசித்த அதிகாரிக்குச் சமையல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். குற்றம் செய்தவரைத் தேடும் வேலை இல்லை இது. உழைக்கப் போகிற ஒவ்வொருவரின் மத்தியானச் சாப்பாடும் சந்தேகத்துக்குரிய பொருள் என்று வைத்துக்கொண்டு தொடங்கிய ஏற்பாடு.

பால் நன்றாக ஊறுவது விடியற்காலைக் குளிர்ச்சியில். ஊரடங்கு நீங்கி, வேலி திறந்து, சோதனை வரிசை நகர்ந்து மரத்தடிக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். பாதுகாப்புக்காக என்று சொல்லப்பட்ட நடவடிக்கையின் செலவில் ஒரு பங்கு இப்படி வெட்டுக்காரர் தலையில் விழுந்தது.

மலாக்கா கடலோரத்தில் இவையெல்லாம் ஒரே நாளில் தளர்ந்தன. ஊரடங்கு போயிற்று. அரிசிக் கட்டுப்பாடு போயிற்று. கடைகள் திறந்திருக்கும் நேரத்துக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் இருந்த தடைகள் போயின. உள்நாட்டில், லேடாங் மலைப் பக்கமாக இருந்த தோட்டங்கள் இந்த எல்லைக்குள் வரவில்லை. ஒரே மாநிலத்தில், ஒரே மாதிரி லயத்தில், ஒரே வேலை செய்த இரண்டு தமிழ்க் குடும்பங்களில் ஒன்று சோற்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகலாம், மற்றது கூடாது. அந்தக் குடும்பம் என்ன செய்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீடு வரைபடத்தில் எந்தப் பக்கம் விழுந்தது என்பதுதான் கேள்வி.

இந்த ஏற்பாட்டின் கர்த்தா பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஜெரால்டு டெம்ப்ளர். 1952 தொடக்கத்தில் வந்து சேர்ந்தவர். வந்த சில வாரங்களிலேயே தஞ்சோங் மாலிமில் அவருடைய மறுபக்கம் தெரிந்தது. அவ்வூருக்கு அருகே மார்ச் 25ஆம் தேதி நடந்த தாக்குதலில் 12 பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் உதவி மாவட்ட அதிகாரி மைக்கேல் காட்னர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சிறைமுகாமில், உடற்பயிற்சிக்கென்று வைத்த மரக்குதிரையின் அடியில் மறைந்து சுரங்கம் தோண்டித் தப்பிய மூவரில் ஒருவர் அவர். அந்தத் தப்பியோட்டம் புத்தகமாகவும் சினிமாவாகவும் வந்து புகழ்பெற்றது. முகாமிலிருந்து தப்பியவருக்கு முடிவு மலாயாவில் காத்திருந்தது. டெம்ப்ளர் ஊர் முழுவதற்கும் தண்டனை விதித்தார்: நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு, அரிசிப் பங்கில் வெட்டு. யார் சுட்டது என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே எல்லோரும் பட்டினி.

தஞ்சோங் மாலிமின் தண்டனையையும் மலாக்காவின் வெள்ளைப் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும் என்று தெரியும். நடமாடுவது, சந்தைக்குப் போவது, இரவில் விளக்கேற்றி வாசலில் உட்கார்ந்து பேசுவது எல்லாம் அரசாங்கம் நல்ல பிள்ளைகளுக்குத் தரும் பரிசாயின. பரிசைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. வெள்ளைப் பகுதியிலும் மாறாத ஒன்று உண்டு: விசாரணை இல்லாமல் ஒருவரைப் பிடித்து அடைத்துவைக்கும் அதிகாரம். சோற்றுக்கு விடுதலை கிடைத்தது, ஆளுக்குக் கிடைக்கவில்லை.

அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் தேதி முடிந்தது. மறுநாள், ஆகஸ்டு 1ஆம் தேதி, இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இடையில் ஒரு நாள்கூட விடவில்லை. 60 நாள் போலீஸ் காவல், பிறகு அமைச்சர் கையெழுத்தில் இரண்டு ஆண்டு, அதையும் மீண்டும் மீண்டும் நீட்டிக்கலாம். 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டபோது கோத்தா மலாக்கா நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த லிம் குவான் எங்கும் அதில் ஒருவர். பின்னாளில் மலாக்காவின் முன்னாள் முதலமைச்சர் தொடர்பான விவகாரத்தில் பேசியதற்கும் எழுதியதற்கும் தேசநிந்தனைச் சட்டத்திலும் அச்சகச் சட்டத்திலும் அவர் தண்டிக்கப்பட்டு, 1998 ஆகஸ்டு முதல் ஓராண்டு காஜாங் சிறையில் இருந்தார். 2007 நவம்பர் 25 பேரணிக்குப் பின் இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராப்பின் தலைவர்கள் ஐவர் இசாவில் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை.

இசா போய், சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம் வந்தது 2012 ஜூலை 31ஆம் தேதி. அதே ஜூலை 31. புதிய சட்டத்தில் அமைச்சரின் இரண்டு ஆண்டு ஆணை இல்லை. போலீஸ் 28 நாள் வைத்திருக்கலாம். அதற்குள் குற்றஞ்சாட்ட வேண்டும், இல்லையேல் விட வேண்டும். அரசியல் நம்பிக்கைக்காகவோ அரசியல் நடவடிக்கைக்காகவோ மட்டும் ஒருவரைக் கைது செய்யக் கூடாது என்று 4ஆம் பிரிவே சொல்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. 2016 நவம்பரில், தேர்தல் சீர்திருத்தம் கேட்ட பெர்சே இயக்கத்தின் பேரணிக்கு முந்தைய நாள் அதன் தலைவர் மரியா சின் அப்துல்லாவைப் பிடித்தது இதே சட்டத்தில்தான்.

மலாக்காவுக்கு சொஸ்மா வந்து சேர்ந்தது 2019 அக்டோபர் 10ஆம் தேதி. விடுதலைப்புலிகளுடன் தொடர்பு என்ற சந்தேகத்தில் போலீஸ் அன்று எழுவரையும், அடுத்த இரண்டு நாளில் ஐவரையும் கைது செய்தது. பன்னிருவரில் இருவர் ஜனநாயக செயல் கட்சியின் (ஜசெக) சட்டமன்ற உறுப்பினர்கள்: நெகிரி செம்பிலானின் சிரம்பான் ஜெயா உறுப்பினர் பி.குணசேகரன், மலாக்காவின் காடெக் உறுப்பினர் ஜி.சாமிநாதன். அலோர் காஜா வட்டாரத்துத் தொகுதி காடெக். சாமிநாதன் அப்போது மாநில ஆட்சிக்குழு உறுப்பினர். ஒற்றுமை, மனிதவளம், பயனீட்டாளர் விவகாரம் அவர் பொறுப்பு. மாநிலத்தை ஆண்டதும் அவர் கட்சி இருந்த பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி, நாட்டை ஆண்டதும் அதுவே. சொஸ்மாவின் கொடிய பிரிவுகளை நீக்குவதாக 2018 தேர்தல் அறிக்கையில் வாக்களித்ததும் அதே கூட்டணிதான்.

குற்றச்சாட்டின் மையம் 2018 நவம்பர் 28 இரவு, ஆயர் குரோவில் டேவான் கஸ்தூரி மண்டபத்தில் நடந்த மாவீரர் நாள் நிகழ்ச்சி. விடுதலைப்புலிகள் இயக்கம் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. மலேசியா அதைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது 2014 நவம்பரில், ஐந்தரை ஆண்டு கழித்து. மண்டப நிகழ்ச்சி அதற்கும் நான்கு ஆண்டு பிந்தியது. கைது அதற்குப் பிறகும் பத்தரை மாதம் தள்ளி. நாட்டின் பாதுகாப்புக்கு உடனடி ஆபத்து என்று சொல்லத்தக்க வேகம் எதுவும் இந்தக் காலவரிசையில் தெரியவில்லை. 2019இல் தீபாவளி அக்டோபர் 27. பன்னிரண்டு குடும்பங்களுக்கும் அது காவலில் கழிந்த தீபாவளி.

அக்டோபர் கடைசியில் தண்டனைச் சட்டம் 130ஜே, 130ஜேபி பிரிவுகளில் குற்றஞ்சாட்டினார்கள். முதலாவது பயங்கரவாதக் குழுவுக்கு ஆதரவு தருவது. ஆயுள் தண்டனை வரை போகும். இரண்டாவது அக்குழு தொடர்பான பொருள்களை வைத்திருப்பது, ஏழாண்டு வரை. வழக்கு முடியும்வரை வெளியே வர முடியுமா என்றால், சொஸ்மாவின் 13ஆம் பிரிவு ஜாமீனே கிடையாது என்கிறது. பெண்கள், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், நோயாளிகள் ஆகியோருக்கு ஒரு சலுகை உண்டு. ஆனால் பயங்கரவாத அத்தியாயக் குற்றங்களுக்கு அதுவும் இல்லை. சாதாரணக் குற்றவியல் நடைமுறையில் கொலைக் குற்றம் சுமத்தப்பட்ட நோயாளிக்குக்கூட ஜாமீன் பற்றி யோசிக்க நீதிபதிக்கு இடமுண்டு. கொலைக்கு இருக்கும் வாசல் மண்டப நிகழ்ச்சிக்கு இல்லை.

இந்த இடத்தில்தான் வழக்கறிஞர்கள் அரசியலமைப்பின் 149ஆவது விதியைக் கையில் எடுத்தார்கள். இசா நின்றதும் சொஸ்மா நிற்பதும் அந்த விதியின்மேல். அரசின் மீது வெறுப்பைத் தூண்டுவது, பொது ஒழுங்குக்குக் கேடு போன்ற காரியங்களைச் செய்ய ஒரு கூட்டம் முனைந்திருக்கிறது என்று முகவுரையில் எழுதிவிட்டால் போதும். அந்தச் சட்டம் 5, 9, 10, 13ஆம் விதிகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும். 5 தனிமனிதச் சுதந்திரம், 9 நடமாட்டம், 10 பேச்சும் கூட்டமும் சங்கமும், 13 சொத்து. பட்டியல் அத்தோடு முடிகிறது. நீதித்துறையின் அதிகாரத்தைப் பற்றிய 121ஆவது விதி அதில் இல்லை.

ஜாமீன் தருவதா மறுப்பதா என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. அந்த வேலையை நாடாளுமன்றம் பிடுங்கிக்கொள்ள முடியாது என்பது வாதம். 2019 நவம்பர் 29ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி முகமது நஸ்லான் கசாலி, சாமிநாதனின் மனுவில் இதை ஏற்று, 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். வாதத்துக்கு வலு தந்தவை கூட்டரசு நீதிமன்றத்தின் சமீபத்திய தீர்ப்புகள். 2017இல் வந்த செமினி ஜெயா வழக்கு, அரசு எடுத்துக்கொண்ட நிலத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்பதைப் பற்றியது. 2018 ஜனவரியில் வந்தது இந்திராகாந்தி வழக்கு: ஈப்போவின் பாலர்பள்ளி ஆசிரியை ஒருவர், தமக்குத் தெரியாமல் தம் மூன்று பிள்ளைகளும் மதம் மாற்றப்பட்டதை எதிர்த்துப் பல ஆண்டு போராடி வென்றது. நீதித்துறையின் அதிகாரத்தை நாடாளுமன்றம் திருத்தம் போட்டுக் கழித்துவிட முடியாது என்று அந்த இரண்டிலும் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் நீதிபதி சைனுன் அலி. நிலத் தகராறும் ஒரு தாயின் வழக்கும் காடெக் சட்டமன்ற உறுப்பினரின் ஜாமீன் மனுவில் வந்து சேரும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

தீர்ப்பு வந்தும் சாமிநாதன் வீட்டுக்கு வரவில்லை. பிரிவு செல்லாது என்பதற்கு ஜாமீன் கிடைத்தது என்று பொருளல்ல, அதற்குத் தனியே மனுப் போட வேண்டும் என்றும் நீதிபதி சொல்லியிருந்தார். ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியின் தீர்ப்பு இன்னொருவரைக் கட்டுப்படுத்தாது என்ற நடைமுறையும் இருந்தது. பன்னிருவரின் விடுதலை நீதிமன்றத்தின் வழியாக வரவில்லை. 2020 பிப்ரவரி 21ஆம் தேதி சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ், அரசியலமைப்பின் 145(3) தரும் அதிகாரத்தைக் கொண்டு எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். தண்டனை கிடைக்க வாய்ப்பே இல்லை என்பது அவர் அறிக்கையின் சாரம். கைப்பேசியிலும் முகநூலிலும் ஒரு தலைவரின் படம் இருந்தால் ஒருவர் பயங்கரவாதி ஆகிவிடமாட்டார் என்று விளக்க மாவோ, சே குவேரா பெயர்களையெல்லாம் அவர் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் அவரே பதவி விலகினார்; ஆட்சியும் கவிழ்ந்தது. பன்னிருவரும் உள்ளே இருந்தது நான்கு மாதத்துக்கு மேல். அதைத் திருப்பித் தர எந்தப் பிரிவும் இல்லை.

சொஸ்மாவின் 28 நாள் காவலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும். 2022 மார்ச் 23ஆம் தேதி அந்தத் தீர்மானம் 84க்கு 86 என்று தோற்றது. ஆட்சியில் இருந்தபோது சட்டத்தில் கைவைக்காத பக்காத்தான் ஹராப்பான் இப்போது எதிர்க்கட்சி வரிசையிலிருந்து எதிர்த்து ஓட்டுப் போட்டது. ஜூலையில் அரசு அதை மீண்டும் கொண்டுவந்து நிறைவேற்றிக்கொண்டது. 2023 பிப்ரவரியில், மீண்டும் ஹராப்பான் தலைமையிலான ஆட்சியில், சொஸ்மா கைதிகளின் குடும்பத்தார் சுங்கை பூலோ சிறைக்கு வெளியே ஜாமீன் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளைப் பகுதிக்கு வெளியே நின்ற புக்கிட் ஆசகானுக்கு இந்த வாரமும் இடம் போதவில்லை. அத்தோட்டத்துத் தொழிலாளர்கள் 1967இல் கோலாலம்பூரை நோக்கி நடந்த நடை அடுத்த இதழில்.