கேட்லின் தீட்டிய முகங்கள்

வழக்குரைஞர் தொழிலைக் கைவிட்டுத் தூரிகை ஏந்திய ஜார்ஜ் கேட்லின், எவரிடமும் பயிலாமல் தாமே ஓவியம் கற்றவர். அமெரிக்கத் தொல்குடியினரின் வாழ்வு விரைவில் அழிந்துவிடும் என அஞ்சிய அவர், அவர்களை வண்ணத்தில் பதிந்துவைக்க விழைந்து, 1832இல் நீராவிப் படகேறி மிசௌரி ஆற்றின் வழியே பயணம் மேற்கொண்டார்.

மாண்டன் குடியினரின் ஊரில், ‘நான்கு கரடிகள்’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட தலைவர் மாட்டோ டோப்பேயை முழு உருவமாக வரைந்தார். கொம்பும் கழுகிறகும் பொருந்திய தலையணியுடன் அவர் நிமிர்ந்து நிற்கிறார். தம் போர்ச்செயல்களைத் தோலாடையில் தாமே தீட்டிய அத்தலைவரும் ஓர் ஓவியரே! விரைந்து வரைந்ததால் கேட்லினின் பல படங்களில் உடலளவுகள் பிழைபட்டுள்ளன. முகங்களிலோ ஒவ்வொருவரும் தனி மனிதராகத் துலங்குகின்றனர்.

1837இல் அதே ஆற்றில் வந்த வணிகப் படகொன்றின் வழியே பெரியம்மை பரவியது. மாண்டன் மக்களுள் பெரும்பாலோர் மடிந்தனர். மாட்டோ டோப்பேயும் உயிரிழந்தார்.

தம் தொகுப்பை வாங்குமாறு கேட்லின் அமெரிக்க நாடாளுமன்றத்தைப் பலமுறை வேண்டியும் பயனில்லை. கடன் முற்றி 1852இல் அது கைமாறியது. அவர் மறைந்தபின், 1879இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தை அடைந்தது. அழிந்துவிடுவர் என அவர் கருதிய மாண்டன் மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வடக்கு டகோட்டாவில் வாழ்கின்றனர்.