எஞ்சின் கொதிக்கிறதா? பாகம் வாங்குமுன் காரணத்தைத் தேடுவோம்

கிராமத்தில் ஒரு வாகனம் ஒரு குடும்பத்தின் சொத்தாக மட்டும் இருப்பதில்லை. மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வதும், நள்ளிரவில் நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் பெரும்பாலும் அயலில் உள்ள ஒரேயொரு பழைய வான்தான். எமது நாட்டில் 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இதற்கிடையில் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து, உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. ஆகவே இருக்கும் வாகனத்தைக் காப்பாற்றுவதே பலருக்கு முன்னுள்ள ஒரே வழியாகும்.

பழைய வாகனங்களை அதிகம் அழிப்பது எஞ்சின் கொதிப்பு. அளவுக்கு மீறிச் சூடேறினால் சிலிண்டர் ஹெட் வளைகின்றது. ஹெட் காஸ்கெற் எரிகின்றது. ஈற்றில் பிஸ்டன் இறுகி எஞ்சினே நின்றுவிடுகின்றது. சில நூறு ரூபாவுடன் முடிந்திருக்க வேண்டிய வேலை, கடன்பட்டு முடிக்கும் வேலையாகிவிடுகின்றது.

இன்னொரு வகை நட்டமும் உண்டு. வாகனம் கொதித்தவுடன் றேடியேற்றரை மாற்றுகிறோம். கொதிப்பு நிற்கவில்லை. வோட்டர் பம்பை மாற்றுகிறோம். அப்பொழுதும் நிற்கவில்லை. கடைசியில் விசிறியின் பியூஸ் எரிந்திருந்தது தெரியவருகின்றது. நாம் பணி செய்யும் கிராமங்களில் இவ்வாறான கதைகளைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கொதிப்பு என்பது காய்ச்சலைப் போன்றது. அது நோயன்று, நோயின் அறிகுறி. காரணத்தை அறியாமல் பாகம் வாங்குவது, நோயை அறியாமல் மருந்து வாங்குவதற்குச் சமம்.

சூடு எவ்வாறு வெளியேறுகின்றது?

நாம் ஊற்றும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றுகின்றது. ஏறத்தாழ இன்னொரு பங்கு புகையோடு சூடாக வெளியேறுகின்றது. மீதிச் சூட்டின் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து செல்ல வேண்டும். வோட்டர் பம்ப் தண்ணீரை எஞ்சினுக்குள் சுற்றவிடுகின்றது. எஞ்சின் போதிய சூட்டை அடைந்ததும் தேர்மோஸ்ரற் என்னும் வாயில் திறந்து, சுடுநீரை றேடியேற்றருக்கு அனுப்புகின்றது. அங்கே விசிறிக் காற்றில் ஆறிய நீர் மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகின்றது.

றேடியேற்றர் மூடி வெறும் மூடியன்று. அது உள்ளே அமுக்கத்தைத் தேக்கி வைக்கின்றது. திறந்த பானையில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், 0.9 என எண்ணிடப்பட்ட மூடியின் கீழ் ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காது. எஞ்சின் சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால் அமுக்கம் ஒரேயடியாக நீங்கி, சுடுநீரும் ஆவியும் சீறிப் பாய்வது இதனாலேயே. முகமும் கண்ணும் வெந்துபோன விபத்துகள் பல இவ்வாறு நிகழ்ந்துள்ளன.

வழியில் கொதித்தால்

முள் சிவப்பை நோக்கி ஏறத் தொடங்கினால் உடனே ஏசியை நிறுத்தி, வாகனத்தை ஓரமாக்குங்கள். ஆவி வந்தாலோ, பெல்ற் அறுந்திருந்தாலோ எஞ்சினை அக்கணமே நிறுத்துங்கள். "இன்னும் இரண்டு கட்டைதானே, வீட்டை போய்ப் பார்ப்போம்" என்று ஓடுவதுதான் எஞ்சினைக் கொல்லுகின்றது. குறைந்தது ஒரு மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். சூடான எஞ்சின் மீது குளிர்ந்த நீரை ஊற்றவும் வேண்டாம், உள்ளே நிரப்பவும் வேண்டாம். திடீரெனக் குளிரும் இரும்பு வெடிக்கக்கூடும்.

முதலாவது சோதனை: எப்பொழுது கொதிக்கின்றது?

இதற்கு ஒரு சதமும் செலவில்லை. கொதிக்கும் வேளையை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

நின்ற இடத்தில் அல்லது மெதுவாக ஓடுகையில் கொதித்து, வேகமாக ஓடும்போது தணிந்தால், விசிறியையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போது வீசும் காற்று அங்கே விசிறியின் வேலையைச் செய்துவிடுகின்றது.

பாரம் ஏற்றியபோது, மேட்டில் அல்லது நெடுந்தூர வேகத்தில் கொதித்தால், றேடியேற்றர் அடைத்திருக்கலாம், பம்ப் நீரைச் சரியாகத் தள்ளாதிருக்கலாம், பெல்ற் வழுக்கலாம்.

புறப்பட்டுச் சில நிமிடங்களிலேயே கொதித்தால், நீர் குறைவு, திறக்காத தேர்மோஸ்ரற், எரிந்த ஹெட் காஸ்கெற் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முள் உச்சியில் நின்றால், பிழை பெரும்பாலும் முள்ளிலோ அதன் வயரிலோ இருக்கும். இதற்கு மாறான ஆபத்தும் உண்டு. நீர் முற்றாக வடிந்தால் சென்சர் நீரில் தோயாதிருப்பதால், எஞ்சின் எரியும்போதும் முள் கீழே இறங்கிக் காட்டலாம். கொதித்த வாகனத்தில் முள் திடீரென இறங்கினால் மகிழ்ச்சியடைய வேண்டாம்.

இரண்டாவது: நீரும் ஒழுக்கும்

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மூடியைத் திறந்து பாருங்கள். நீர் கழுத்துவரை நிற்க வேண்டும். துருநிறமாக இருந்தால் உள்ளே அரிப்பு நடைபெறுகின்றது. நீரை நிரப்பி, இரவில் வாகனத்தின் கீழ் ஒரு பழைய காட்போட் மட்டையை விரித்து விடுங்கள். காலையில் மட்டையில் ஈரம் உள்ள இடத்துக்கு நேர் மேலே தேடுங்கள். ரப்பர் ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள். வெடிப்பும் ஊதலும் அளவுக்கு மீறிய மென்மையும் கூடாதவை. வோட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து நீர் வடிந்த தடம் தெரிந்தால், பம்பின் சீல் தேய்ந்துவிட்டது என்று அறியலாம். பல இடங்களில் ஒழுக்குக்குக் காரணம் தளர்ந்த ஒரு கிளிப் மட்டுமே.

எஞ்சின் ஒயிலின் அளவையும் இதே வேளையில் பாருங்கள். ஒயில் குறைந்தாலும் சூடு ஏறும்.

மூன்றாவது: பெல்ற்றும் விசிறியும்

எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ற்றின் நீண்ட பகுதியின் நடுவில் பெருவிரலால் அமுக்குங்கள். பழைய வகை வி-பெல்ற் ஏறத்தாழ அரை அங்குலம் தாழ்ந்தால் போதும். அதற்கு மேல் தாழ்ந்தால் இறுக்க வேண்டும். பளபளப்பாகத் தேய்ந்து வெடித்திருந்தால் மாற்ற வேண்டும்.

விசிறி மின்சாரத்தில் இயங்குவதாயின், நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு முள்ளைக் கவனியுங்கள். முள் நடுவைத் தாண்டியும் விசிறி சுழலாவிட்டால் பியூஸ், றிலே, வயர் இணைப்பு, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். பல வாகனங்களில் ஹோர்ன் றிலேயும் விசிறி றிலேயும் ஒரே வகையானவை. அவ்வாறாயின் ஒன்றை மற்றதன் இடத்தில் மாற்றி வைத்துப் பார்க்கலாம். எஞ்சின் நின்ற பின்னரும் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கும். ஆகவே கையை வைக்குமுன் பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

நான்காவது: றேடியேற்றர்

வயலிலும் புழுதி வீதியிலும் ஓடும் வாகனங்களில் வைக்கோல் தூசும் பூச்சிகளும் சேறும் றேடியேற்றரின் முகத்தை மூடிவிடுகின்றன. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் அறுவடைக் காலத்தில் கொதிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆறிய பின் எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரண குழாய்நீரால் கழுவுங்கள். வேகமான நீர்த்தாரை மெல்லிய தகடுகளை மடக்கிவிடும்.

உள்ளடைப்பு வேறு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக வருவது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிகின்றது. கழுத்தினுள் ரோச் வெளிச்சத்தில் பார்த்தால் அது தெரியும். கிணற்று நீருக்குப் பதிலாகத் துப்புரவாகச் சேர்த்த மழைநீரையோ, பற்றறிக்கு ஊற்றும் வடிநீரையோ பயன்படுத்தலாம். அதனுடன் வாகனத்துக்குரிய கூலண்டைப் போத்தலில் சொல்லப்பட்ட அளவில் கலப்பது நல்லது. எமது நாட்டில் நீர் உறையாது என்பதால் கூலண்ட் தேவையில்லை என்பது தவறு. அது துருவைத் தடுக்கின்றது, கொதிநிலையையும் உயர்த்துகின்றது. ஆனால் கூலண்ட் நஞ்சு; சுவையோ இனிப்பு. பிள்ளைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வையுங்கள். கழித்த நீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

ஒழுக்கை நிறுத்த மஞ்சள் தூளையோ முட்டையின் வெள்ளைக்கருவையோ போடுவோர் உளர். ஒழுக்கு அடைபடலாம், அதனுடன் நல்ல குழாய்களும் அடைபடும்.

ஐந்தாவது: தேர்மோஸ்ரற்றும் மூடியும்

குளிர்ந்த எஞ்சினை இயக்கி, பெல்ற்றுக்கும் விசிறிக்கும் கை எட்டாதபடி மேல் ஹோஸை அவ்வப்போது மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடங்கள் குளிர்ச்சியாக இருந்து, பின்னர் திடீரெனச் சூடேறினால் தேர்மோஸ்ரற் திறந்துவிட்டது. முள் உயர்ந்த பின்னரும் ஹோஸ் குளிர்ந்திருந்தால் அது மூடியபடியே நிற்கின்றது என்று சந்தேகிக்கலாம்.

அதைக் கழற்றி அடுப்பிலேயே சோதிக்கலாம். பானை நீரில் நூலால் கட்டி, அடியில் முட்டாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன் மேல் 82 அல்லது 88 போன்ற ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ அந்தப் பாகையில் வாய் திறக்கத் தொடங்க வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் உள்ளது போன்ற வெப்பமானி போதும்; காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைப் போட்டால் வெடித்துவிடும். நீர் கொதித்தும் வாய் திறக்காவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். சோதித்த பானையை மீண்டும் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

"எங்கள் வெயிலுக்கு தேர்மோஸ்ரற் எதற்கு?" என்று அதைக் கழற்றி எறியும் பழக்கம் எங்கும் உண்டு. அவசரத்துக்கு வீடு வந்து சேர அது உதவலாம், நிரந்தர வழியன்று. எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். உட்பாகங்கள் விரைவாகத் தேயும். சில எஞ்சின்களில் நீர் றேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, கொதிப்பே கூடும்.

மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அமுக்கம் நில்லாது. நீர் மேலதிகப் போத்தலுக்குப் போய்த் திரும்பி வராது. புதிய மூடியில் பழைய எண்ணே இருக்க வேண்டும்.

ஆறாவது: ஹெட் காஸ்கெற்

மேலே கூறிய யாவும் சரியாக இருந்தும் நீர் மாயமாய்க் குறைந்தால் இதைப் பார்க்க வேண்டும். முற்றாகக் குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து இயக்குங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. இடைவிடாது வந்துகொண்டே இருந்தால் எரிவாயு நீருக்குள் கசிகின்றது. நீர் சூடேறுமுன் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். மூடி பூட்டியிருக்கையில், இயக்கிய ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லுப்போல் இறுகுவதும், ஒயில் பாற்தேநீர் நிறமாவதும், ஓயாத வெண்புகையும் இதன் அடையாளங்களே. இனி வாகனத்தை ஓட்டாமல் கராஜுக்கு இழுத்துச் செல்ல வேண்டும். வீட்டு வைத்தியத்தின் எல்லை இதுதான்.

லாண்ட்மாஸ்டர் வைத்திருப்போருக்கு ஒரு சொல். சில ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்களில் றேடியேற்றர் இல்லை. மேலே உள்ள தொட்டி நீர் கொதித்து ஆவியாவதே அவற்றைக் குளிரவைக்கும் முறை. அங்கே ஆவி கோளாறன்று. தொட்டியில் நீர் குறையாமல் பார்ப்பதே கடமை.

செய்யக்கூடியது

1990இன் பின்னர் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் பழைய ஏ-40 கார்களும் மொரிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. புதுப்பாகம் கிடைக்காத அந்நாட்களில் எமது மெக்கானிக்குகள் கழற்றி, பார்த்து, பழுதானதை மட்டும் திருத்தினார்கள். இல்லாமை கற்றுத்தந்த அந்த ஒழுங்கை, பாகம் கிடைக்கும் இக்காலத்திலும் கைவிடாதிருப்பது நன்று.

கிராமத்தில் வாகனம் வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வெப்பமானி, ஒரு மல்ரிமீற்றர், ஒரு சாவித் தொகுதி ஆகியவற்றைச் சங்கத்தில் பொதுவாக வாங்கி வைக்கலாம். கராஜுக்குப் போகும்போது "கொதிக்கிறது, பாருங்கள்" என்று மட்டும் சொல்லாமல், எப்பொழுது கொதித்தது, எதையெல்லாம் பார்த்தோம் என்று கொப்பியைக் காட்டுங்கள். நல்ல மெக்கானிக் அதை விரும்பி வாசிப்பார்; அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிஞ்சும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வாருங்கள். அடுத்த முறை அயலவரின் வான் கொதிக்கும்போது, எது எப்படிப் பழுதாகும் என்று காட்ட அது உதவும்.