தலைமேல் வைத்த கை

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நாம் வாழும் இவ்வடபுல நகரில் நடைபெறும் தமிழ் ஆராதனைக்குச் சென்றிருந்தோம். ஆலயம் நம்மவருக்கு உரியதன்று. காலையில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வழிபாடுகள் முடிந்த பின்னர், பிற்பகலில் இரண்டு மணி நேரம் தமிழருக்குக் கிடைக்கிறது. போதகர் பிரசங்கத்தின் நடுப்பகுதியை எட்டியிருந்த வேளையில், மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் உரத்த குரலில் தண்ணீர் கேட்டான், கேட்டதும் இந்தியில். முன்வரிசையினர் திரும்பிப் பார்த்தனர். பொறுப்பாளர் எழுந்து வந்து, பிள்ளையை வெளியே கொண்டுபோகுமாறு தாய்க்குக் கையால் குறிப்புக் காட்டினார். அவ்வம்மையார் தலைகுனிந்தபடி தாழ்வாரத்துக்குச் சென்றார். ஆராதனை முடியுமட்டும் அங்கேயே நின்றார்.

அப்பொறுப்பாளர் கொடியவர் அல்லர், நம் நண்பரே. இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டுமே என்ற கவலை அவருக்கு. எனினும் மாற்கு எழுதிய நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் அப்பொழுது நம் நினைவுக்கு வராமற் போகவில்லை.

கிறிஸ்தவரல்லாத வாசக அன்பர்களுக்காக அதனைச் சுருங்கக் கூறுவோம். மக்கள் சிலர், ஏசுநாதர் தொட வேண்டுமென்று தம் பிள்ளைகளைக் கொண்டுவந்தனர். சீடர்களோ அவர்களை அதட்டினர். ஏன் அதட்டினர் என்பதற்கு நூலில் விளக்கமில்லை. குருவானவர் களைத்திருக்கிறார், பெரியோருடன் பேசவேண்டியிருக்கிறது என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் இதனைக் கூறுகின்றனர். லூக்கா கைக்குழந்தை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையே ஆள்கிறார். மாற்கு மட்டும் வேறிரு செய்திகளைச் சேர்க்கிறார்: ஏசு சினங்கொண்டார் என்பது ஒன்று, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஆசி கூறினார் என்பது மற்றொன்று. இறைவனின் ஆட்சி இத்தகையோருக்கே உரியது என்றும், ஒரு பிள்ளையைப்போல் அதனை ஏற்காதவர் அதில் நுழையமாட்டார் என்றும் அவர் உரைத்தார். இதற்கு முந்திய அதிகாரத்திலும், நம்மில் பெரியவன் யார் என்று சீடர்கள் வாதிட்டதை அறிந்து, ஒரு பிள்ளையை எடுத்து நடுவில் நிறுத்தினார். இப்படிப்பட்ட பிள்ளை ஒன்றை ஏற்பவன் தம்மையே ஏற்பதாகக் கூறினார்.

பிள்ளைகள் மாசற்றவர்கள் என்பதால் அவ்வாறு சொன்னார் என்று பலர் விளக்கம் தருவதுண்டு. ஒரே முறுக்கை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துப் பார்த்தவர் எவரும் அதை எளிதில் ஒப்பமாட்டார். தன்னிடம் கைம்மாறு கொடுக்க ஒன்றுமில்லாமல், வெறுங்கையை நீட்டிப் பெற்றுக்கொள்ளுதலே பிள்ளையின் இயல்பு. அதனையே அவர் சுட்டினார் என்று நாம் கருதுகிறோம்.

அக்காலத்தில் பிள்ளையின் நிலை யாது என்பதற்கு ஒரு கடிதமே சான்று. எகிப்தில், பழைய ஆக்சிரிங்கஸ் நகரத்துக் குப்பைமேடுகளில் கிடைத்த பாப்பிரசு ஏடுகளுள் அதுவும் ஒன்று, கி.மு. 1ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. ஹிலாரியோன் என்பவன் பிழைப்புக்காக அலெக்சாந்திரியா சென்றவன். ஊரிலிருக்கும் மனைவிக்கு எழுதுகிறான்: கவலை வேண்டாம், கூலி கிடைத்தவுடன் அனுப்புகிறேன், சின்னவனைக் கவனித்துக்கொள் என்கிறான். வெளியூரில் உழைக்கும் நம்மவர் எவரும் எழுதக்கூடிய கடிதமே. அதே மூச்சில், இனிப் பிறப்பது ஆணானால் வைத்துக்கொள், பெண்ணானால் வெளியே போட்டுவிடு என்றும் எழுதுகிறான்! அவன் அன்பற்றவன் என்று சொல்ல இயலவில்லை. அன்றைய உலக வழக்கு அவ்வாறிருந்தது. பிறந்த குழந்தையைக் கொல்லலாகாது என்று ‘திதகே’ என்னும் மிகப் பழைய கிறிஸ்தவ நூல் விதித்தது. உரோமப் பேரரசின் சட்டம் சிசுக்கொலையைக் கொடுங்குற்றமாக்கியதோ கி.பி. 374இல்தான்.

தமிழகத்திலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. அயர்லாந்திற் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901இல் திருநெல்வேலிச் சீமையில், கோயிலுக்கு விடப்படவிருந்த சிறுமி ஒருத்தி தம்மிடம் ஓடிவர, ஏற்றுக்கொண்டார். பின்னர் வந்த குழந்தைகள் பலர். 1918இல் ஆண் குழந்தைகளுக்கும் இல்லம் திறந்தார். ஊர் ஊராகச் சென்று சமயம் பரப்ப வந்தவர், பால் காய்ச்சவும் தொட்டில் ஆட்டவும் அமர்ந்துவிட்டாரே என்று கேட்டவர் இருந்தனர். 1951இல் அவர் மறைந்தபோது கல்லறைக் கல் வைக்கப்படவில்லை. பறவைகள் நீரருந்தும் கற்தொட்டி ஒன்றில் ‘அம்மா’ என்று மட்டும் பொறித்தனர். அவ்வழக்கத்தைச் சட்டத்தால் ஒழிக்கப் போராடி, அவ்வை இல்லம் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரையும் ஈண்டு நினையாதிருத்தல் தகாது.

திருச்சபைகளுக்குள் பிள்ளைகளைப் பற்றிய வழக்கங்கள் ஒன்றாயில்லை. சிலர் குழந்தைக்கே ஞானஸ்நானம் தருவர். பாப்டிஸ்டுகள் போன்றோர் ஆசி கூறிப் பிரதிஷ்டை மட்டும் செய்வர். பத்துப் பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகளைக் காக்கவைத்த கத்தோலிக்க வழக்கத்தை மாற்றி, ஏறக்குறைய ஏழு வயதிலேயே நற்கருணை பெறலாம் என்று பத்தாம் பத்திநாதர் 1910இல் ஆணையிட்டார். இவ்விவாதங்களுள் நாம் புகவில்லை.

நமக்கு நெருக்கமானது வேறொரு கதை. ஆதியாகமத்தில் யோசேப்பு எகிப்திற் குடியேறி, அரசாங்கப் பதவி வகித்து, அவ்வூர்ப் பெண்ணையே மணக்கிறார். மனாசே, எப்பிராயீம் என்னும் இரு பிள்ளைகளும் அங்கேயே பிறந்தவர்கள். பாட்டனார் யாக்கோபு கண்பார்வை மங்கிய முதுமையில், அவ்விருவரையும் அருகழைத்து முத்தமிட்டு, இவர்கள் என் மக்களே என்று உரிமை கொண்டாடுகிறார். கைகளைக் குறுக்காக வைத்து, வலக்கையை இளையவன் தலைமேல் வைக்கிறார். தந்தை திருத்த முயன்றும் கேட்கவில்லை. யூதக் குடும்பங்களில் வெள்ளிக்கிழமை மாலைகளில் இன்றளவும் ஆண்மக்களை அவ்விருவர் பெயரைச் சொல்லியே ஆசீர்வதிக்கின்றனர். அயல்நாட்டிற் பிறந்த அவ்விருவருக்கும் முன்னோரின் மொழி எவ்வளவு தெரிந்திருந்ததோ! கிழவர் அதைச் சோதித்துப் பார்த்ததாக நூல் கூறவில்லை.

நம் இல்லங்களில் தாத்தா பாட்டியர் ஊரில் இருக்கின்றனர். வருடத்துக்கு ஒருமுறை, கோடை விடுமுறையில் கிடைப்பதே அவர்கள் கை. ஆகையால் இங்குள்ள ஆலயத்தின் முதியோரே பிள்ளைகளுக்குப் பாட்டன்மார் ஆகின்றனர். தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்கள் பலவற்றில், நற்கருணை பெறும் பருவம் எய்தாத பிள்ளைகளும் பெற்றோருடன் சென்று முழந்தாளிடுவர். போதகர் தலைமேல் கை வைத்து ஆசி கூறுவார். அன்றும் அவ்வாறே நடந்தது. தாழ்வாரத்தில் நின்றவரை மட்டும் யாரும் அழைக்கவில்லை. நாமும் அழைக்கவில்லை.

அதன்பின் இரண்டு ஞாயிறும் அவ்வம்மையார் வரவில்லை. பொறுப்பாளரான நம் நண்பரே இதனை முதலில் கவனித்துச் சொன்னார். முகவரியையும் அவரே விசாரித்து அறிந்தார். கணவர் இரவுப் பணியில் இருப்பவராம். பிள்ளையை விட்டுவர வீட்டில் வேறு ஆளில்லையாம். வருகிற சனிக்கிழமை மாலை நாங்கள் இருவரும் சென்று காண்பதாக இருக்கிறோம். பையனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை. சந்தைத் தெருவிலுள்ள நம்மவர் கடையில் முறுக்கு வாங்கி வைத்திருக்கிறோம்.