ஆடுகளத்தில் கற்ற பாடம் தொழிலுக்குக் கை கொடுக்குமா?

‘பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. இனிப் பந்து, மட்டை எல்லாவற்றையும் பரண் மேல் போடு’ - பெங்களூர்த் தமிழர் வீடுகளில் இந்தக் கட்டளை ஒலிக்காத ஆண்டே இல்லை. பெற்றோரைக் குறை சொல்வதற்கும் இல்லை. விளையாட்டு வீரரின் காலம் பெரும்பாலும் முப்பது, முப்பத்தைந்து வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டுமே!

முன்பு இதற்கு ஒரு விடை இருந்தது. கால்பந்து மன்னர் பீலேவுக்குச் சிலை வைத்த கௌதமபுரம் போன்ற பகுதிகளில் கால்பந்து ஆடி வளர்ந்த இளைஞர்களை ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை ஆலைகள் தங்கள் குழுக்களுக்காக வேலைக்கு எடுத்துக் கொண்டன. ரயில்வேயும் வங்கிகளும் அவ்வாறே செய்தன. ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீடு இன்றும் உண்டு. ஆனால் ஆலைகளின் வாசல் முன்போல் அகலத் திறந்திருக்கவில்லை. எனவே, ஆடிய ஆட்டம் சொந்தத் தொழில் நடத்தவாவது உதவுமா என்று இளைஞர்கள் கேட்கத் தொடங்கிவிட்டனர். இந்தக் கேள்விக்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கல்யாண மண்டபத்தில் பயிற்சி

பாட்மிண்டன் வீரர் திரு. பிரகாஷ் படுகோனே 1955-ல் பெங்களூரில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது நல்ல ஆடுகளம் கிடையாது. மல்லேசுவரம் கனரா யூனியன் கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் இல்லாத நாட்களில்தான் பயிற்சி! உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றும் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

1962-ல், ஏழு வயதில், மாநில ஜூனியர் போட்டியில் கலந்துகொண்டு முதல் சுற்றிலேயே தோற்றார். இரண்டே ஆண்டுகளில் அதே பட்டத்தை வென்றார். 1971 முதல் 1979 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் அவரே தேசியச் சாம்பியன்.

கடை வைத்தவருக்கு முதல் ஆண்டு நஷ்டம் வந்தால் கை நடுங்குகிறது. போட்டியில் பழகியவருக்கோ தோல்வி புதிதல்ல. இன்று எங்கே கோட்டை விட்டோம் என்று இரவில் கணக்குப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை அதைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் அவருக்குச் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது.

எதிராளியின் பலத்தோடு மோதாதே

1980 மார்ச்சில் லண்டனில் நடந்த அகில இங்கிலாந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் படுகோனேவை எதிர்த்தவர் இந்தோனேசியாவின் லியெம் ஸ்வீ கிங். முந்தைய இரண்டு ஆண்டுகளும் பட்டத்தை வென்றவர். வேகமும் இடிபோன்ற அடியும் அவருடைய பலம். அந்த வேகத்தோடு போட்டி போட்டிருந்தால் படுகோனே தோற்றிருக்கக்கூடும். அவரோ ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்தார். வலைக்கு அருகே மெல்ல இறக்கியும் அரை வேகத்தில் அடித்தும் எதிராளியைத் தடுமாற வைத்தார். 15-3, 15-10 என்ற கணக்கில் வென்று, அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியரானார்.

பக்கத்தில் பெரிய கடை வந்துவிட்டதே என்று கலங்கும் சிறு வியாபாரிக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா? பெரிய கடையோடு விலைக் குறைப்பில் மோதினால் முதலே கரைந்துவிடும். வாடிக்கையாளரின் முகமறிந்து பேசுவது, கேட்ட பொருளை வீட்டுக்கே அனுப்புவது என்று தனக்குத் தெரிந்த ஆட்டத்துக்கு வியாபாரத்தைத் திருப்புபவரே நிலைக்கிறார்.

தனி ஆட்டக்காரரின் கூட்டு முயற்சி

படுகோனே தனியாக ஆடியவர். ஆயினும் தொழில் என்று வந்தபோது கூட்டாளிகளைத் தேடினார். 1994-ல் முன்னாள் வீரர் திரு. விமல் குமார் போன்றோருடன் சேர்ந்து பெங்களூரில் பாட்மிண்டன் பயிற்சிக்கூடம் தொடங்கினார். பி.பி.எல். நிறுவனம் ஆதரவளித்தது. 2001-ல் பில்லியர்ட்ஸ் உலகச் சாம்பியன் திரு. கீத் சேத்தியுடன் சேர்ந்து, ஒலிம்பிக் வீரர்களுக்கு உதவும் ஓ.ஜி.க்யூ. என்ற அமைப்பை உருவாக்கினார்.

இது லாபத்துக்காக நடக்கும் நிறுவனமன்று. ஆனால் கணக்கும் கட்டுப்பாடும் கம்பெனிக்கு உரியவை. இதன் நிர்வாகப் பொறுப்பை 2009-ல் ஏற்றவர், இந்திய ஹாக்கி அணியின் முன்னாள் தலைவர் திரு. வீரேன் ரஸ்கின்ஹா. ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஐதராபாத்தில் நிர்வாகப் படிப்பை முடித்துக்கொண்டு வந்தவர் அவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற ஆறு பதக்கங்களில் நான்கு, இந்த அமைப்பின் உதவி பெற்றவர்களுக்குக் கிடைத்தன. விளையாட்டு அனுபவத்தோடு முறையான படிப்பும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு இது சான்று.

தாடையில் கட்டோடு

கிரிக்கெட் வீரர் திரு. அனில் கும்ப்ளேயும் பெங்களூர்க்காரரே. எஞ்சினீயரிங் படித்தவர். ‘இவர் பந்தைச் சுழற்றுவதே இல்லை’ என்ற விமர்சனத்தைக் கேட்டுக்கொண்டே டெஸ்ட் போட்டிகளில் 619 விக்கெட்டுகளை எடுத்தார். 2002-ல் ஆண்டிகுவாவில் தாடை எலும்பு முறிந்தும், முகத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு 14 ஓவர்கள் வீசி லாராவை ஆட்டமிழக்கச் செய்தார். டெஸ்ட் அணியின் தலைமைப் பதவிக்கு 17 ஆண்டுகள் காத்திருந்து, 2007-ல்தான் அதைப் பெற்றார்.

இந்தப் பொறுமைதான் அவருடைய மூலதனம். 2010-ல் டென்விக் என்ற விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர், மட்டையில் ஒட்டி அடியின் வேகத்தை அளக்கும் கருவியை உருவாக்கிய ஸ்பெக்டாகாம் என்ற நிறுவனத்தையும் நிறுவினார். எஞ்சினீயரின் அறிவும் ஆட்டக்காரரின் அனுபவமும் ஒரே பொருளில் சேர்ந்தன.

கோயம்புத்தூர்க்காரரான திரு. நரேன் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா ஒன் கார் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். கார் பந்தயத்தில் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. செலவுக்குப் பணம் தரக்கூடிய நிறுவனங்களிடம் போய்த் தம்மை நம்ப வைக்கவும் வேண்டும். அப்படிப் பழகியவர் 2020-ல் டிரைவ்எக்ஸ் என்ற இரு சக்கர வாகன நிறுவனத்தைத் தொடங்கினார். 2022-ல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் அதில் ஏறத்தாழ 48 சதவீதப் பங்கை வாங்கியது.

மைதானம் கற்றுத் தராதவை

இவற்றைப் படித்துவிட்டு, கோப்பை வாங்கியவர் எல்லாம் கோடீசுவரர் ஆகிவிடுவார் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இவர்கள் உலகறிந்தவர்கள். இவர்களுடைய பெயருக்கே ஒரு மதிப்பு உண்டு. மாவட்ட அளவில் ஆடியவருக்கு அந்த வசதி இல்லை. மேலும், பெயர் திறப்பு விழாவுக்குத்தான் கூட்டம் சேர்க்கும். மறுமாதம் வாடிக்கையாளரைத் திரும்ப வரவழைப்பது சரக்கின் தரம்தான்.

ஆட்டத்துக்கு நடுவர் உண்டு, விசில் உண்டு, முடிவு நேரமும் உண்டு. வியாபாரத்தில் தவறு செய்தால் உடனே யாரும் விசில் ஊதுவதில்லை. வட்டி ஏறிய பிறகுதான் தெரியவருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டத்தில் ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றே ஆக வேண்டும். வியாபாரத்தில் வாங்குபவரும் விற்பவரும் இருவருமே லாபம் கண்டால்தான் உறவு நீடிக்கும். வாடிக்கையாளரை எதிராளியாக நினைத்து வெல்லப் பார்ப்பவர் கடையைப் பூட்ட வேண்டியதுதான். இந்த வேறுபாட்டை உணராத வீரருக்குப் போட்டிக் குணமே பகையாகிவிடும்.

பெற்றோர் கவனத்துக்கு

எனவே பிள்ளையின் பந்தைப் பரணில் போடவும் வேண்டாம். புத்தகத்தைப் பரணில் போடவும் விடவேண்டாம். காலையில் ஒரு மணி நேர ஆட்டம் படிப்பைக் கெடுத்துவிடாது. ஆடும் பிள்ளையைத் தன் குழுவின் வரவு செலவையும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தா வசூலிப்பது, பந்து வாங்க விலை பேசுவது, வெளியூர்ப் போட்டிக்கு டிக்கெட் எடுப்பது, கோபித்துக்கொண்டு போன ஆட்டக்காரனைச் சமாதானப்படுத்தி அழைத்து வருவது - இவை அனைத்தும் தொழில் நடத்துபவர் அன்றாடம் செய்யும் வேலைகளே. கோப்பை கிடைக்காவிட்டாலும் இந்தப் பழக்கம் பிள்ளையோடு தங்கும். நாளை ஒரு கடையோ பட்டறையோ வைக்கும் நாளில் அது உதவிக்கு வரும்.