வீட்டை விற்பவரும் மூலதன ஆதாய வரியும்

நம் நாட்டு நடுத்தர வகுப்பினரின் சேமிப்பில் பெரும்பகுதி வீடாகவும் மனையாகவும்தான் உள்ளது. ஓய்வுக் காலத்திலோ மகளின் திருமணத்தை ஒட்டியோ அதனை விற்க நேரும்போதுதான், மூலதன ஆதாய வரி என்று ஒன்று இருப்பது பலருக்கும் நினைவுக்கு வருகிறது.

பத்து ரூபாய்க்கு வாங்கியது அறுபது ரூபாய்க்கு விலைபோனால், ஐம்பது ரூபாயும் ஆதாயமாகிவிடாது. அதில் ஒரு பகுதி ரூபாயின் மதிப்பு குறைந்ததன் விளைவே. இதனைக் கருதியே, அடக்க விலையைப் பணவீக்கக் குறியீட்டு எண்ணின்படி உயர்த்திக் கணக்கிடும் முறை 1992ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வாயிலாகப் புகுத்தப்பெற்றது. 2024 ஜூலை 23 முதல் இம்முறை கைவிடப்பட்டு, வரி விகிதம் 20 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இதற்கு எதிர்ப்பு எழவே, அந்நாளுக்கு முன் நிலமோ கட்டடமோ வாங்கியவர்களுக்கு மட்டும், இரு முறைகளில் எதன்படி வரி குறைவோ அதனைச் செலுத்தலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. இந்தியாவில் வசிக்கும் தனி நபர்களுக்கும் இந்துக் கூட்டுக் குடும்பங்களுக்குமே இச்சலுகை உண்டு.

எது இலாபம்? 2004-05இல் ரூ.10 லட்சத்துக்கு வாங்கிய வீடு, 2024-25இல், புதிய முறை வந்தபின், ரூ.60 லட்சத்துக்கு விற்கப்பட்டதாகக் கொள்வோம். குறியீட்டு எண்கள் முறையே 113, 363. உயர்த்திய அடக்க விலை ரூ.32.12 லட்சம், 20 சதவீத வரி ஏறத்தாழ ரூ.5.58 லட்சம். புதிய முறையில் ரூ.6.25 லட்சம். அதே வீடு ரூ.90 லட்சத்துக்கு விலைபோயிருந்தால் பழைய முறையில் ரூ.11.58 லட்சம், புதிய முறையில் ரூ.10 லட்சம். (கூடுதல் வரிகள் நீங்கலாக.) இந்த எடுத்துக்காட்டில் இரண்டும் சமமாகும் விலை சுமார் ரூ.69 லட்சம். விலை வேகமாக ஏறிய பெருநகரத்து உரிமையாளருக்குப் புதிய முறை நன்மை. மெதுவாக ஏறிய சிற்றூர் வீட்டுக்காரரைக் காப்பது பழைய முறையே. 2024 ஜூலை 23 முதல் வாங்குவோருக்கோ தேர்வு கிடையாது. அவர்கள் பணவீக்கத்துக்கும் சேர்த்தே வரி செலுத்துவர் என்பதை மறைப்பதற்கில்லை.

இன்னொன்று. முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்த எண்ணிப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. அது சட்ட மீறல் என்பது ஒருபுறமிருக்க, குறைத்து எழுதிய தொகையே பிற்காலத்தில் அடக்க விலையாகக் கொள்ளப்படும். அன்று மிச்சம் பிடித்ததைவிடப் பன்மடங்கு வரியாகப் போய்விடும்.

24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த குடியிருப்பு வீட்டை விற்றவர், இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ விலக்குப் பெறலாம். விற்பனைத் தொகை முழுவதையும் முதலீடு செய்ய வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். ஆதாயத்தை முதலீடு செய்தால் போதும். வருமான விவரம் தாக்கல் செய்வதற்கான கெடுவுக்குள் செலவிடப்படாத தொகையை, 1988ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி வங்கியில் தனிக் கணக்கில் செலுத்திவிட வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கில் வைத்திருந்து விலக்கை இழப்போர் உண்டு. புதிய வீட்டை மூன்று ஆண்டுகளுக்குள் விற்றுவிட்டால், விலக்குப் பெற்ற தொகை அதன் அடக்க விலையிலிருந்து கழிக்கப்படும்.