புதுப் பாதை தேடும் நடையாளரா நீங்கள்?

வைத்தியர் "தினமும் நடங்கள்" என்று சொன்னதும் நாம் என்ன செய்கிறோம்? புதுக் காலணி வாங்குகிறோம். வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வருகிறோம். மூன்றாவது மாதத்தில் அங்குள்ள ஒவ்வொரு பெஞ்சும் நமக்கு அத்துப்படியாகிவிடும். கூடவே சலிப்பும் வந்துவிடும். அப்போதுதான் தூரத்தில் தெரியும் குன்றின் மேல் கண் போகும். அங்கேயும் பாதை இருக்குமே என்று மனம் சொல்லும்.

இருக்கிறது, வாசகர்களே. ஆனால் அதில் கால் வைக்குமுன் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

பெட்டாலிங் ஜெயாவின் புக்கிட் காசிங் ஒன்றும் இமயமலை அன்று. சிவன் கோயில் உள்ள சிறு குன்று, சுற்றிலும் வீடுகள். ஒரு நாள் வேலை முடிந்து மாலை ஐந்தரை மணிக்குத் தனியாக ஏறினேன். பழகிய வழியிலிருந்து ஒரு கிளைப்பாதை பிரிந்தது. அதில் சில அடிக்கு ஒன்றாக வெள்ளைக் காகிதத் துண்டுகள் கிடந்தன. யாரோ புண்ணியவான் வழி காட்டியிருக்கிறார் என்று நினைத்துப் பின்தொடர்ந்தேன். இருபது நிமிடத்தில் காகிதம் நின்றுவிட்டது. திரும்பினால், வரும்போது ஒன்றாகத் தெரிந்த பாதை இப்போது இரண்டாகத் தெரிந்தது!

கையில் விளக்கு இல்லை. கைப்பேசி அணையும் நிலையில் இருந்தது. வண்டிச் சத்தம் வந்த திக்கை நோக்கிச் சரிவில் வழுக்கி விழுந்து, மலையின் மறுபக்கச் சாலைக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டு தாண்டியிருந்தது. வீட்டில் மனைவி உறவினர் அனைவருக்கும் போன் போட்டு முடித்திருந்தார். "எங்கே போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

காகிதத்தின் கதை பிறகுதான் தெரிந்தது. காகிதத்தைத் தூவி, அந்தத் தடத்தைப் பிடித்து ஓடும் 'ஹாஷ்' ஓட்டம் 1938-இல் நம் கோலாலம்பூரில்தான் பிறந்தது. பின்னால் வருபவர்களை ஏய்க்க வேண்டுமென்றே பொய்த்தடமும் போடுவார்கள். அவர்கள் விளையாட்டில் குற்றமில்லை. அதை வழி என்று நம்பிய என் மேல்தான் குற்றம். மரக்கிளைகளில் கட்டிய நாடாக்களும் அப்படியே. யார், எதற்குக் கட்டினார்கள் என்று தெரியாமல் பின்தொடராதீர்கள்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் தகப்பனார் இதைக் கேட்டுச் சிரித்தார். விடியுமுன் பெரட்டுக்குப் போய், இருட்டில் நிரை நிரையாக நடந்தவர் அவர். "போறப்பவே அப்பப்ப திரும்பிப் பாத்துக்கணும்டா. வர்றப்ப பாக்குற காடு வேற காடு" என்றார். எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லாத பாடம் அது.

எங்கே தொடங்கலாம்?

பாதை தெளிவாகவும் ஆள் நடமாட்டத்தோடும் உள்ள இடமே முதற்படி. கோலாலம்பூர் பக்கத்தார் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போகலாம். ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920-களிலிருந்து மரம் நட்டு வளர்த்த காடு அது. 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம் பெற்றது. சிங்கப்பூர் வாசகர்களுக்குப் பழைய ரயில் தடம் இருக்கிறது. தஞ்சோங் பாகாருக்கு வந்த ரயில் 2011 ஜூன் 30-ஆம் நாளோடு நின்றுபோக, 24 கிலோமீட்டர் தடம் நடப்பவர்களுக்குக் கிடைத்தது. ரயில் ஓடிய பாதையாதலால் ஏற்ற இறக்கம் குறைவு. பினாங்கு அன்பர்கள் கால் பழகிய பிறகு தாவரவியல் பூங்கா அருகிலிருந்து கொடிமலைக்கு ஜீப் சாலையில் ஏறலாம். உச்சி 833 மீட்டர், சாய்வு கடுமைதான். முழங்கால் கெஞ்சினால், இறங்குவதற்கு மலை ரயில் இருக்கிறது!

புதிய பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் வாயைத் திறந்து கேளுங்கள். காலை நடை முடித்துப் பசியாற உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் ஒரு தேநீர் நேரம் பேசினால், எந்த வழி சேறு, எங்கே மரம் விழுந்து கிடக்கிறது என்று எல்லாம் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, கைப்பேசி வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் தொடர்பு கிடைக்காமல் போகலாம். உயரக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் மென்சாய்வு என்று அறிக. மலேசியாவில் நிரந்தரக் காப்புக் காடு என்றால் மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். அதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

பிறகு, ஒரு நடைக்கு ஒரே ஒரு புதுக் கிளை. பழகிய பாதையில் போய், புதியதில் கால் மணி நேரம் நடந்து, வந்த வழியே திரும்புங்கள். அடுத்த வாரம் அரை மணி நேரம். ஒவ்வொரு பிரிவிலும் நின்று திரும்பிப் பார்த்து, ஒரு பாறையையோ மரத்தையோ அடையாளம் வையுங்கள். போய்த் திரும்பி வந்த பிறகுதான் அது உங்கள் பாதை.

நேரமும் துணையும்

சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவர் காட்டு ஏற்றத்தில் இரண்டு நடந்தாலே மெத்தச் சரி. மதியத்துக்கு மேல் மழையும் இடியும் வரும். ஆகவே காலையிலேயே புறப்படுங்கள். சூரியன் ஏழு மணிக்கு மேல் மறைந்தாலும், மரத்தடியில் அதற்கு முன்பே இருட்டிவிடும். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று புறப்படும்போதே முடிவு செய்யுங்கள். உச்சி எட்டாவிட்டாலும் அந்த நேரத்தில் திரும்பிவிடுங்கள்.

பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், கைவிளக்கு, விசில், மழையங்கி இருக்கட்டும். காலுக்கு விலை உயர்ந்த சப்பாத்து வேண்டியதில்லை. பால்வெட்டுக்காரர்கள் அணிந்த கறுப்பு ரப்பர்ச் சப்பாத்தை, அதுதான் 'அடிடாஸ் கம்போங்', இன்று மலையேறுபவர்களும் தேடி வாங்குகிறார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், சொல்லிவிட்டுப் போவது. தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று கேமரன் மலையில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து தனியே வெளியேறினார். போலீசாரும் இராணுவத்தினரும் பூர்வகுடி மக்களும் தேடினார்கள். இன்றுவரை அவர் கிடைக்கவில்லை. அவர் போர்க்காலப் பயிற்சி பெற்றவர்!

நான் இப்போதும் அதே குன்றில் நடக்கிறேன். போகும் வழியும் திரும்பும் நேரமும் எழுதிய சீட்டு ஒன்று எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்கும். இந்த வாரம் நீங்களும் புறப்படுங்கள், வாசகர்களே. முதல் சீட்டை இன்றே எழுதி வையுங்கள்.